7 மெகாஹெர்ட்ஸ் செங்குத்து ஆன்டெனா: ரேடியல் கூடியபின் எஸ்.டபிள்யூ.ஆர். ஏறுவது ஏன், காற்றில் துள்ளுவது ஏன்?

கால்அலை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அமெச்சூர் வானொலியின் 40 மீட்டர் (7 மெகாஹெர்ட்ஸ்) அலைவரிசைக்கென்று கால் அலைநீளச் செங்குத்து ஆன்டெனா ஒன்றை அமைத்துள்ளேன். ஒன்றுக்குள் ஒன்று செருகும் அலுமினியக் குழாய்களால் ஆன அதன் அடி விட்டம் 50 மில்லிமீட்டர், நுனி விட்டம் 20 மில்லிமீட்டர், மொத்த உயரம் இப்போதைக்கு 10.4 மீட்டர். அடியில் தடித்த பிளாஸ்டிக் காப்பு இருக்கிறது. அதைத் தாங்குவது தரையில் புதைத்த இரும்புக் குழாய். தொடக்கத்தில் 8 மீட்டர் நீளத்தில் 8 ரேடியல் கம்பிகளை (அடியிலிருந்து சுற்றிலும் ஆரம்போல் விரியும் தரைக் கம்பிகள்) மட்டும் தரைமேல் விரித்திருந்தேன். அப்போது அனலைசர் (ஆன்டெனாவை அளக்கும் கருவி) 6.85 மெகாஹெர்ட்ஸில் 52 ஓம் காட்டியது, எஸ்.டபிள்யூ.ஆர். (நிலையலை விகிதம்; 1 என்றால் முழுப் பொருத்தம்) ஏறக்குறைய 1.05. குழாய் சற்று நீளமாக இருப்பதால்தான் அலைவெண் கீழே நிற்கிறது, நீளத்தைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று விட்டுவைத்தேன்.

ரேடியல்கள் கூடக்கூட நல்லது என்று எங்கும் சொல்லப்படுவதால், அதே நீளத்தில் மேலும் கம்பிகளைச் சேர்த்து எண்ணிக்கையை 24 ஆக்கினேன். இப்போது அதே புள்ளியில் 41 ஓம்தான் காட்டுகிறது, எஸ்.டபிள்யூ.ஆர். 1.2க்குக் கீழே இறங்க மறுக்கிறது. கம்பியும் உழைப்பும் கூடுதலாகச் செலவிட்டபின் அளவு மோசமாவது எப்படி என்பது என் முதல் கேள்வி.

இரண்டாவது கேள்வி கேபிளைப் பற்றியது. ஆன்டெனாவின் அடியிலிருந்து வரும் கோஆக்ஸ் கேபிளைக் கையால் பிடித்தாலோ, தரையில் கிடக்கும் அதன் பாதையைச் சற்று மாற்றினாலோ அனலைசரில் கோடு நகர்கிறது. இது இயல்பானதா?

மூன்றாவது, எனக்கு உறக்கம் கெடுக்கும் கேள்வி. 5 மீட்டர் உயரத்தில் மூன்று நைலான் கயிறுகளைக் கட்டி, கம்பத்தின் அடியிலிருந்து 2 மீட்டர் தொலைவில் முளைகளில் இழுத்துக் கட்டியிருக்கிறேன். காற்று வலுத்தால் மேல்பாதி வில்லாக வளைகிறது. அந்த நேரத்தில் எஸ்.டபிள்யூ.ஆர். திடீரென 2ஐத் தாண்டித் துள்ளி, உடனே பழைய இடத்துக்கு வருகிறது. கயிறுகளும் சில நாட்களில் தளர்ந்துவிடுகின்றன. கம்பம் ஆடுவதால் அளவு மாறுகிறது என்றே கருதுகிறேன். ஒலிபரப்பி 100 வாட் அளவிலானது. 7.1 மெகாஹெர்ட்ஸை மையமாக வைத்துச் சரிசெய்ய வேண்டும். கம்பமும் நிலையாக நிற்க வேண்டும். எதை முதலில் செய்வது என்று வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


தரைவலை எழுதியது:

நண்பர் கால்அலை அவர்களுக்கு வணக்கம். உங்கள் ஆன்டெனா மோசமாகவில்லை, தேறியிருக்கிறது. எஸ்.டபிள்யூ.ஆர். அதைச் சொல்லாது, அது கேபிளுக்கும் ஆன்டெனாவுக்கும் பொருத்தம் எப்படி என்பதை மட்டுமே சொல்லும். கொடுத்த ஆற்றலில் எவ்வளவு வானில் போகிறது, எவ்வளவு மண்ணைச் சூடாக்குகிறது என்ற கணக்கு அதில் இல்லை. ஆற்றலை வெப்பமாக்க மட்டுமே செய்யும் தடையான டம்மி லோடுகூட 1.0 காட்டும், அதில் யாரும் தொலைதூரத் தொடர்பு கொண்டதில்லை.

கால் அலைநீளச் செங்குத்துக் கம்பத்தின் கதிர்வீச்சுத் தடை, குறையற்ற தரைக்கு மேல், ஏறத்தாழ 36 ஓம். நீங்கள் அடியில் அளப்பது இந்த 36 ஓமும் தரையின் இழப்புத் தடையும் சேர்ந்த தொகை. 8 ரேடியல்களோடு 52 ஓம் வந்ததென்றால் அதில் ஏறக்குறைய 16 ஓம் மண்ணுடையது. ஆற்றலில் 69 விழுக்காடுதான் கதிர்வீச்சானது. 24 ரேடியல்களோடு 41 ஓம் என்றால் மண்ணின் பங்கு 5 ஓமாகச் சுருங்கிவிட்டது. 88 விழுக்காடு வெளியே போகிறது. முன்பு கிடைத்த அழகான 1.05, மண்ணில் வீணான 16 ஓம் தற்செயலாக 50ஐ நிரப்பியதால் வந்த அழகு. குழாயின் தடிமன், அருகிலுள்ள பொருள்கள் ஆகியவற்றால் இந்த 36 சற்றுக் கூடலாம், குறையலாம். ஆகவே விழுக்காடுகளைத் தோராயமாகவே கொள்ளுங்கள். திசை மட்டும் உறுதி: ரேடியல் சேர்க்கையில் தடை இறங்கினால் இழப்பு இறங்குகிறது. இழப்பு குறைந்தால் எஸ்.டபிள்யூ.ஆர். வளைகோடும் சற்றுக் குறுகலாகும். அதைப் பார்த்தும் அஞ்ச வேண்டாம்.

ரேடியல் நீளத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் பலர் இதில் சறுக்குவதால் சொல்லிவிடுகிறேன். தரைமேல் கிடக்கும் அல்லது சற்றே புதைந்த கம்பி மண்ணோடு நெருங்கிப் பிணைந்துவிடுவதால், அதற்குக் கால் அலைநீளம் என்ற கண்டிப்பு எதுவும் கிடையாது. 8 மீட்டரே போதும். குறிப்பிட்ட அளவு கம்பிதான் கையில் இருக்கிறதென்றால், நீளமாக நான்கைப் போடுவதைவிட, குட்டையாகப் பதினாறைப் போடுவது மேல். ஏனெனில் தரை மின்னோட்டம் அடிப்பகுதியை ஒட்டித்தான் மிக அடர்த்தியாக ஓடுகிறது. பிரவுன், லூயிஸ், எப்ஸ்டீன் ஆகிய மூவரும் 1937இல் வெளியிட்ட அளவீடுகளிலிருந்து வளர்ந்ததுதான் நடுத்தர அலை வானொலி நிலையங்களின் 120 ரேடியல் வழக்கம். நமக்கு அந்த எண்ணிக்கை தேவையில்லை. 24ஐத் தாண்டியபின் ஒவ்வொரு புதிய கம்பியும் தரும் பயன் மிகச் சிறிது. தரையிலிருந்து உயர்த்திக் கட்டும் ரேடியல்களின் கதை முற்றிலும் வேறு. அங்கே இரண்டோ நான்கோ போதும்; ஆனால் ஒவ்வொன்றும் கால் அலைநீளத்துக்குச் சரியாக வெட்டப்பட்டிருக்க வேண்டும், ஒன்றுக்கொன்று சமமாகவும் இருக்க வேண்டும்.

இனி கேபிள். கையால் தொட்டால் அளவு நகர்வது இயல்பானதல்ல. கோஆக்ஸின் உள்ளே ஓட வேண்டிய மின்னோட்டத்தின் ஒரு பகுதி, வெளிக் கவசத்தின் மேற்புறமாக உங்கள் அறையை நோக்கி வருகிறது என்பதற்கு அது நேரடிச் சான்று. கேபிள் அழைக்காமலே இன்னொரு ரேடியலாக வேலை செய்கிறது. இந்த நிலையில் எடுக்கும் எந்த அளவும் ஆன்டெனாவை மட்டும் அளந்ததாகாது. கேபிள் ஆன்டெனாவைச் சேரும் ஊட்டுமுனையிலேயே ஒரு சோக் (அந்த வெளி மின்னோட்டத்தைத் தடுக்கும் சுருள்) வையுங்கள். 31 ரகத்தைச் சேர்ந்த, 2.4 அங்குல விட்டமுள்ள ஃபெரைட் வளையத்தில் மெல்லிய கோஆக்ஸை 12 சுற்றுச் சுற்றினால், 7 மெகாஹெர்ட்ஸில் அந்த வெளி மின்னோட்டத்துக்கு ஆயிரக்கணக்கான ஓம் தடை கிடைக்கும். அதன்பிறகு கேபிளைப் பிடித்துப் பாருங்கள். கோடு அசையாமல் நின்றால் மட்டுமே நீளத்தைத் தொட வேண்டும். கேபிளால் வந்த பிழையைக் குழாயை வெட்டித் தீர்க்க முயல்வது, அடுத்த மழைக்குப் பின் மறுபடியும் குழாயைத் தேடி ஓடுவதில்தான் முடியும்.

அளக்கும் இடமும் முக்கியம். முடிந்தால் அனலைசரை நேராக அடியிலேயே இணையுங்கள். அது வசதிப்படாவிட்டால், கேபிளின் ஆன்டெனாப் பக்க முனையில் திறந்த நிலை, குறுக்கிணைப்பு, 50 ஓம் சுமை ஆகிய மூன்றையும் வைத்து அளவீட்டுத் திருத்தம் செய்துவிட்டு, பிறகு ஆன்டெனாவை இணையுங்கள். அப்படிச் செய்யாமல் அறையிலிருந்து எஸ்.டபிள்யூ.ஆர். மட்டும் பார்த்தால், நீண்ட கேபிளின் இழப்பு அதைக் குறைத்துக் காட்டும். எஸ்.டபிள்யூ.ஆர். மிகக் குறைந்த புள்ளியும், ரியாக்டன்ஸ் (மின்தேக்கி, சுருள் போன்ற தன்மையால் வரும் எதிர்ப்பு) சுழியாகும் ஒத்ததிர்வுப் புள்ளியும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை; நீளத்தைத் தீர்மானிக்க இரண்டாவதையே பாருங்கள்.

நீளக் கணக்கு எளிது. ஒத்ததிர்வு அலைவெண்ணும் நீளமும் எதிர்விகிதத்தில் இருப்பதால், 10.4ஐ 6.85ஆல் பெருக்கி 7.1ஆல் வகுத்தால் 10.03 மீட்டர் வருகிறது, 71.3ஐ மெகாஹெர்ட்ஸால் வகுக்கும் பழைய விதியும் ஏறத்தாழ இதையே தருகிறது. அதாவது 37 செ.மீ. குறைக்க வேண்டும். முதலில் 30 செ.மீ. மட்டும் உள்ளே தள்ளி அளந்துவிட்டு, மீதியை அந்த அளவைப் பார்த்துத் தீர்மானியுங்கள். இந்த நீளத்தில் 10 செ.மீ. மாற்றம் ஏறக்குறைய 70 கிலோஹெர்ட்ஸ் நகர்த்தும். செருகு குழாய் இருக்கும்போது அரம்பத்தைக் கையில் எடுக்க வேண்டிய தேவையே இல்லை.

காற்றில் துள்ளும் சிக்கலுக்குப் பாய்மரம் அவர்கள் விரிவாகச் சொல்வார் என்று நம்புகிறேன். ஒன்று மட்டும் இப்போதே: கம்பம் ஆடுவதால் அளவு அப்படித் துள்ளாது.


பாய்மரம் எழுதியது:

தரைவலை அவர்கள் சொன்ன கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். 10 மீட்டர் கம்பத்தின் நுனி அரை மீட்டர் வளைந்தாலும் அதன் மின் நீளம் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். ஆட்டத்தால் வரும் மாற்றம் மெதுவாக, வழுவழுப்பாக, மிகச் சிறிதாக வரும். திடீரென 2க்குத் துள்ளி உடனே திரும்புகிறது என்றால், வளையும்போது எங்கோ ஒரு மூட்டில் தொடர்பு விட்டுப்போகிறது. செருகு குழாய்களின் மூட்டுகளில் அலுமினிய ஆக்சைடு படிந்திருக்கலாம், கிளாம்ப் தளர்ந்திருக்கலாம், ஊட்டுமுனையில் கம்பிக்கும் குழாய்க்கும் இடையிலுள்ள போல்ட்டாகவும் இருக்கலாம். காற்றில்லாத நாளில், ஒருவர் அனலைசரைப் பார்த்துக்கொண்டிருக்க, மற்றவர் ஒவ்வொரு மூட்டாகத் தட்டி வந்தால் குற்றவாளி அகப்பட்டுவிடும். அதற்குக் கம்பத்தைச் சாய்த்து வைத்தாலும் போதும். அளவின் மதிப்பு வேறாக இருக்கும், ஆனால் துள்ளல் தெரியும். அனலைசரை மட்டும் இணைத்துச் செய்யுங்கள். ஒலிபரப்பி இணைந்திருக்கும்போது யாரும் கம்பத்தைத் தொடக் கூடாது.

மூட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, உள்குழாயின் வெளிப்புறத்தையும் வெளிக்குழாயின் உட்புறத்தையும் மணல்தாளால் தேய்த்து, மின்கடத்தும் பசையை மெல்லியதாகப் பூசிச் செருகுங்கள். ஒவ்வொரு மூட்டிலும் குறைந்தது 15 செ.மீ. ஒன்றுக்குள் ஒன்று இருக்கட்டும். வெளிக்குழாயின் விளிம்பில் நான்கு பிளவுகள் அறுத்து, துருப்பிடிக்காத எஃகு ஹோஸ் கிளாம்ப் கொண்டு இறுக்குங்கள். நீளம் இறுதியானபின் ஒவ்வொரு மூட்டிலும் ஒரு திருகாணி போட்டுப் பூட்டிவிட வேண்டும். இல்லையென்றால் கயிறுகளின் இழுப்பே குழாய்களைக் கீழ்நோக்கித் தள்ளும். மூட்டுகள் சேர்ந்து 3 செ.மீ. இறங்கினாலே உங்கள் ஒத்ததிர்வு 20 கிலோஹெர்ட்ஸ் மேலே போய்விடும். செம்புக் கம்பியை அலுமினியத்தில் நேராக அழுத்தாதீர்கள். ஈரம் பட்டதும் அரிப்பு தொடங்கும். ஈயம் பூசிய முனையும் துருப்பிடிக்காத வாஷரும் இடையில் இருக்கட்டும்.

இனி கயிறுகள். உங்கள் அமைப்பில் மூன்று குறைகள் தெரிகின்றன: கயிறு கட்டிய உயரம் குறைவு, முளைகள் மிக அருகில் இருக்கின்றன, நைலான் நீளும் இயல்புடையது. எண்களில் பார்த்தால் தெளிவாகும். வினாடிக்கு 30 மீட்டர், அதாவது மணிக்கு 108 கி.மீ. வேகக் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 550 நியூட்டன். சராசரியாக 35 மில்லிமீட்டர் தடிமனும் 10 மீட்டர் உயரமும் உள்ள உருளைக் குழாயின்மேல் அது சுமார் 230 நியூட்டன் விசையைச் செலுத்தும். 24 கிலோ எடையைக் கம்பத்தின் நடுவில் பக்கவாட்டில் தொங்கவிட்டதற்குச் சமம். காற்றின் வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும் என்பதை மறக்க வேண்டாம்.

காற்று வரும் பக்கத்திலுள்ள ஒரே கயிறு முழுச் சுமையையும் தாங்குகிறது, அடிப்பகுதி கீல்போல இயங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போதைய அமைப்பில், அதாவது 5 மீட்டர் உயரம், 2 மீட்டர் தொலைவு என்ற நிலையில், அந்தக் கயிற்றில் 64 கிலோ அளவு இழுவிசை வரும். அது கம்பத்தைக் கீழ்நோக்கி 59 கிலோ அளவுக்கு அழுத்தும். கயிற்றை 6.5 மீட்டர் உயரத்துக்கு ஏற்றி, முளையை 5 மீட்டர் தொலைவுக்குத் தள்ளினால், கயிற்றின் இழுவிசை 30 கிலோவாகவும் கீழழுத்தம் 24 கிலோவாகவும் குறைகின்றன. அதே காற்று, அதே கம்பம். கம்பங்கள் பெரும்பாலும் நேரடியாகக் காற்றால் முறிவதில்லை. காற்றால் வளைந்த நிலையில் கயிறுகள் கீழே அழுத்த, அந்த அழுத்தம் வளைவைப் பெருக்கி முறிக்கிறது. ஆகவே முளைகளை அருகில் வைத்துக்கொண்டு கயிற்றை மேலும் மேலும் இறுக்குவது தீர்வாகாது, கம்பத்துக்குத் தீங்குதான். கயிறு தொய்வின்றி நின்றால் போதும். வீணையின் தந்திபோல இசைக்க வேண்டியதில்லை.

மேல் வரிசையை 6.5 மீட்டரிலும், கீழ் வரிசையை 3.5 மீட்டரிலும் வைக்கலாம். மேலே எஞ்சும் மூன்றரை மீட்டர் மெல்லிய குழாய் தானே வளைந்து நிமிரட்டும். மூன்று திசைகளில் கட்டுவது போதுமானதுதான். ஆனாலும் எனக்கு நான்கு திசைகளே பிடிக்கும். கம்பம் சாய்வதற்கு அடியில் கீல் இருந்தால், அதன் அச்சின் நேர்கோட்டில், கீலின் மட்டத்திலேயே இரண்டு முளைகளை வைத்தால், கம்பத்தைத் தூக்கும்போதும் இறக்கும்போதும் அந்த இரு பக்கக் கயிறுகளும் நீளம் மாறாமல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். பின்கயிறு பின்னோக்கி விழாமல் தடுக்கும். தூக்குபவர் முன்கயிற்றை மட்டும் கவனித்தால் போதும்.

கயிறு பின்னல் பாலியஸ்டராக இருக்கட்டும். நைலான் சுமையில் நீள்கிறது, நனைந்தால் மேலும் தளர்கிறது. பாலிபுரொப்பிலீன் மலிவானது, ஆனால் வெயிலில் நொறுங்கிப் பொடியாகும். 4 மில்லிமீட்டர் பாலியஸ்டர் பின்னல் கயிறு பொதுவாக 200 கிலோவுக்கு மேல் தாங்கும். முடிச்சு அதில் மூன்றில் ஒரு பங்கு வலிமையைத் தின்றுவிடும் என்று கணக்கிட்டாலும் நமக்குப் போதிய மிச்சம் இருக்கிறது. கயிற்றைக் குழாயில் நேராகக் கட்டாமல், தடித்த பிளாஸ்டிக் தகட்டில் துளையிட்ட வளையத்தைச் செய்து, அதைக் கிளாம்ப் ஒன்றின்மேல் அமர்த்திக் கட்டுங்கள். வளையத்தின் துளை விளிம்புகளை மழுங்கத் தேய்க்காவிட்டால் அதுவே கயிற்றை அறுக்கும்.

அடிக்கும் முளையைக் கம்பத்திலிருந்து வெளிப்புறமாகச் சாய்த்து அடிக்க வேண்டும். மண்ணில் திருகி இறக்கும் சுருள் முளை என்றால் இதற்கு நேர்மாறு. அதைக் கயிற்றின் நேர்கோட்டிலேயே இறக்க வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் பலர். எந்த முளையும் ஈர மண்ணில் பிடிப்பை இழக்கும். புயல் மழையோடுதான் வரும் என்பதால் காய்ந்த நிலத்தில் செய்த இழுவைச் சோதனையை நம்ப வேண்டாம்.

வரிசை என்னவென்று கேட்டீர்கள். மூட்டுகளும் சோக்கும் முதலில், பிறகு கயிறுகளும் முளைகளும், கடைசியாக நீளம். கம்பம் தன் இறுதி நிலையில் நின்றபின்தான் அதை அளப்பதற்குப் பொருள் உண்டு.


ஐந்துவாட் எழுதியது:

மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ஆனாலும் 69 விழுக்காட்டிலிருந்து 88 விழுக்காடு என்பது டெசிபலில் ஏறக்குறைய 1 மட்டுமே. சைகையின் வலிமையைக் காட்டும் எஸ் மீட்டரில் ஒரு படி 6 டெசிபல். கேட்பவரால் இந்த வேறுபாட்டை உணரவே முடியாது. கேட்கும் திசையிலும் பயன் இல்லை, ஏனெனில் 7 மெகாஹெர்ட்ஸில் வெளியிலிருந்து வரும் இரைச்சலும் சைகையும் சேர்ந்தே ஏறும். 16 கூடுதல் கம்பிகளை விரித்த நேரத்தில் வேறு எவ்வளவோ செய்திருக்கலாம் என்பது என் தாழ்மையான கருத்து. எஸ்.டபிள்யூ.ஆர். 1.2இல் திரும்பி வரும் ஆற்றல் 1 விழுக்காடுகூட இல்லை என்பதால் அந்தக் கவலையையும் விட்டுவிடலாம்.


தரைவலை எழுதியது:

ஐந்துவாட் அவர்களின் கணக்கு சரி. முடிவோடுதான் எனக்கு உடன்பாடில்லை. 8இலிருந்து 24க்குப் போவதில் 1 டெசிபல்தான். ஆனால் பலர் தொடங்குவது இரண்டு அல்லது நான்கு கம்பிகளில். அங்கே இழப்பு இதைவிடப் பன்மடங்கு. தவிர, 24 கம்பிகள் தரும் பெரிய பயன் வலிமையைவிட நிலைத்தன்மை. ரேடியல் குறைவாக இருந்தால் மண்ணின் ஈரம் மாறும்போதெல்லாம் அளவு அலையும். 5 வாட்டில் இயங்குபவர் 1 டெசிபலைப் பொருட்படுத்தாமல் இருப்பதும் வியப்புதான்.


கால்அலை எழுதியது:

மிகத் தெளிவான விளக்கங்களுக்கு நன்றி. இன்னும் மூன்று ஐயங்கள். ஒரு பக்கத்தில் 4 மீட்டருக்கு மேல் இடம் கிடையாது. அந்த முளையை அங்கேயே வைக்கலாமா? கயிற்றுக்குப் பதிலாக எஃகுக் கம்பி போட்டால் நீளும் தொல்லையே இருக்காதே, அதில் தடை ஏதும் உண்டா? கடைசியாக, 41 ஓமை 50 ஆக்க எளிய வழி இருந்தால் அறிய விரும்புகிறேன். தேவையில்லை என்று புரிகிறது. இருந்தாலும் கற்றுக்கொள்ளும் ஆவல்.


பாய்மரம் எழுதியது:

4 மீட்டர் தாராளமாகப் போதும். மேல் வரிசை 6.5 மீட்டரிலேயே இருந்தால் அந்தக் கயிற்றின் இழுவிசை 30 கிலோவிலிருந்து 35 கிலோவாகத்தான் ஏறும். மற்றவற்றை 5 மீட்டரிலேயே வையுங்கள். எல்லாவற்றையும் சமமாக்க வேண்டும் என்பதற்காக நல்ல முளைகளை அருகில் இழுத்து வர வேண்டாம்.

எஃகுக் கம்பியை இந்த ஆன்டெனாவுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். மேல் வரிசைக் கயிறு ஒவ்வொன்றும் 8 மீட்டர் அளவில் வரும். கீழ்முனை மண்ணில் நிற்கும் 8 மீட்டர் எஃகுக் கம்பி, 7 மெகாஹெர்ட்ஸின் கால் அலைநீளத்துக்கு நெருக்கமானது. நான்கு தேவையற்ற ஆன்டெனாக்களை வேலைமெனக்கெட்டுக் கட்டிவைப்பதற்கு ஒப்பாகும். எஃகுதான் வேண்டுமென்றால் அதைச் சிறு துண்டுகளாக்கி, இடையிடையே முட்டை இன்சுலேட்டர்களைப் போட வேண்டும். அவற்றில் இரு கம்பிகளும் ஒன்றையொன்று கோத்துக்கொண்டிருப்பதால் பீங்கான் உடைந்தாலும் கம்பம் விழாது. இவ்வளவு எடையும் இந்த மெல்லிய குழாய்க்குத் தேவையற்றது. முளையை ஒட்டிய கடைசி ஒரு மீட்டருக்கு மட்டும் சங்கிலி போடுவது நல்லது. புல் வெட்டும் கருவியும் எலியும் கயிற்றை அங்கேதான் முதலில் தாக்கும். ஒரு வாரம் கழித்துக் கயிறுகளை மீண்டும் ஒருமுறை சரிசெய்யுங்கள். புதிய பாலியஸ்டரும் தொடக்கத்தில் சற்றே இளகும்.

நீங்கள் கேட்காத ஒன்று: மின்கம்பிகள். கம்பம் எந்தத் திசையில் விழுந்தாலும் அவற்றைத் தொடக்கூடாது. கம்ப உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு தொலைவு இல்லையென்றால் அந்த இடத்தையே கைவிடுங்கள். தூக்கும்போது இருவராவது இருக்க வேண்டும். காற்று எழுந்தால் வேலையை மறுநாளுக்குத் தள்ளுங்கள்.


தரைவலை எழுதியது:

41ஐ 50 ஆக்க, அடியில் ஒரே ஒரு சுருள் போதும். கம்பத்தை ஒத்ததிர்வு நீளத்தைவிடச் சற்றுக் குட்டையாக்கினால் அது மின்தேக்கித் தன்மை பெறும். உங்களுக்கு ஏறக்குறைய 19 ஓம் மின்தேக்கி ரியாக்டன்ஸ் வர வேண்டும். 10 மீட்டரில் 30 முதல் 35 செ.மீ. வரை குறைத்தால் அந்த நிலை கிடைக்கும். பிறகு ஊட்டுமுனையில், கம்பத்துக்கும் ரேடியல்கள் சேரும் தகட்டுக்கும் இடையே, 2.4 மைக்ரோஹென்றி சுருளைக் குறுக்கே இணையுங்கள். 50 மில்லிமீட்டர் விட்டத்தில் தடித்த கம்பியை 9 சுற்றுச் சுற்றி 60 மில்லிமீட்டர் நீளத்துக்குப் பரப்பினால் ஏறத்தாழ அந்த மதிப்பு வரும். சுற்றுகளை நெருக்கியும் விலக்கியும் நுணுக்கமாகச் சரிசெய்துகொள்ளலாம்.

எஸ்.டபிள்யூ.ஆர்.க்காக இதைச் செய்ய வேண்டியதில்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஆனால் இதனால் வேறொரு நன்மை உண்டு. இந்தச் சுருள் நேர்மின்னோட்டத்துக்குக் குறுக்குப்பாதையாக இருப்பதால், வறண்ட காற்றாலும் இடிமேகங்களாலும் கம்பத்தில் சேரும் நிலைமின்சாரம் உங்கள் ஒலிபரப்பியைத் தேடி வராமல் தரைக்குப் போய்விடும். அந்த ஒரு காரணத்துக்காகவே நான் என் கம்பத்தில் இதை வைத்திருக்கிறேன். மின்னல் நேராக விழுந்தால் இது காப்பாற்றாது. இடி அறிகுறி தெரியும்போது கேபிளை வீட்டுக்கு வெளியிலேயே கழற்றிவிட வேண்டும். தரையில் அடித்த எர்த் கம்பி மின்னல் பாதுகாப்புக்கானது; அது ரேடியல்களுக்கு மாற்றாகாது, ரேடியல்களும் அதற்கு மாற்றாகா. இரண்டையும் கட்டடத்தின் முதன்மை எர்த்தோடு தடித்த கடத்தியால் பிணைத்து விடுங்கள்.

ஊட்டுமுனை இணைப்பியைத் தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பால் சுற்றி, அதன்மேல் சாதாரணப் பிளாஸ்டிக் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். அப்போதுதான் ஒவ்வொரு மேல்சுற்றும் அதன் கீழ்ச்சுற்றின்மேல் படிந்து நீரை வெளியே வடிக்கும். கோஆக்ஸின் பின்னலில் ஒருமுறை நீர் ஏறிவிட்டால் அந்தக் கேபிளை மாற்றத்தான் வேண்டும். எல்லாம் முடிந்தபின் எடுக்கும் வளைகோட்டைச் சேமித்து வையுங்கள். மழைக்காலத்திலும் கோடையிலும் மின்தடை சில ஓம் ஏறி இறங்குவதைக் காண்பீர்கள். அதற்காகக் குழாயின் நீளத்தைத் தொட வேண்டாம். ஒத்ததிர்வு அலைவெண்ணே நகர்ந்திருந்தால், முதலில் மூட்டுகளைப் பாருங்கள்.